என்ஜின் போய்விட்டதா? முதலில் இடது மூடியைத் திறந்து பாருங்கள்!

"டக்... டக்... டக்..."

காலையில் கிக்கரை உதைத்து வண்டியைக் கிளப்பியதும் இந்தச் சத்தம் கேட்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் குறைகிறது. சிக்னலில் வண்டியை நிறுத்தினால் மறுபடியும் "டக்... டக்..." பழைய புல்லட் வைத்திருப்பவருக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவர் வைத்திருக்கும் புல்லட் அவருடைய தகப்பனார் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரில் தங்கைக்கு வளைகாப்பு. தாய்மாமன் ஆகப்போகிறவர் வண்டியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போவதாக இருக்கிறார். இந்த நேரத்தில்தானா இப்படி ஒரு சத்தம் வரவேண்டும்?

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டார்கள். "பிக் எண்ட் போச்சு சார், என்ஜினைப் பூராவும் இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். செலவுக் கணக்கைக் கேட்டதும் குமாஸ்தாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. மகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்காகப் போட்டு வந்த சீட்டை ஏலத்தில் எடுத்தாலும் போதாது போலிருக்கிறது!

இது ஒருவருக்கு மட்டும் நடப்பதல்ல. பழைய புல்லட் வைத்திருக்கும் பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள். சிலர் சீட்டை எடுத்தார்கள். சிலர் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் கொஞ்சம் பொறுமையாக இருந்து, இடது பக்கத்து மூடியைத் திறந்து பார்த்தவர்களில் சிலருக்கு உண்மைக் காரணம் தெரிந்தது. அது வெறும் ஒரு நட்டு!

சென்னையில் பிறந்த வண்டி

ராயல் என்பீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த கம்பெனியின் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லையில் ரோந்து சுற்ற நமது ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனி உருவாயிற்று. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது.

இங்கிலாந்தில் புல்லட் தயாரிப்பு 1960-களிலேயே நின்றுவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த அந்தப் பழைய என்ஜினைப் பெரிய மாறுதல் இல்லாமல் பல பத்து ஆண்டுகள் தொடர்ந்து செய்தார்கள். இப்போது அந்த என்ஜின் தயாரிப்பில் இல்லை. ஆனால் அதை வைத்து ஓடும் வண்டிகள் பெங்களூர்த் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் அந்தப் பழைய புல்லட்டைப் பற்றித்தான்.

மூடிக்குள் என்ன இருக்கிறது?

வண்டியின் இடது பக்கத்தில், கால் வைக்கும் இடத்தருகே நீளவாக்கில் ஒரு பெரிய அலுமினிய மூடி இருக்கிறது அல்லவா? அதற்குள்தான் பிரைமரி டிரைவ் இருக்கிறது. என்ஜினில் பிறக்கும் சக்தி கியர் பெட்டிக்குப் போகும் முதல் வழி அதுவே.

முன்பக்கம் கிராங்க் ஷாப்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு சிறிய பல்சக்கரம். பின்பக்கம் பெரிய கிளட்ச். இரண்டையும் இரட்டை வரிசைச் செயின் ஒன்று இணைக்கிறது. எல்லாம் எண்ணெயில் ஓடுகின்றன.

அந்தச் சிறிய பல்சக்கரத்துக்கும் வெளியே, அதே ஷாப்டின் நுனியில், கனமான உருண்டை ஒன்று மாட்டப்பட்டிருக்கும். அதற்குள் காந்தங்கள் இருக்கின்றன. அதுதான் ரோட்டர். அதைச் சுற்றி வளையம் போல, கம்பிச் சுருள்களுடன் அசையாமல் நிற்பது ஸ்டேட்டர். ரோட்டர் சுற்றினால் ஸ்டேட்டரில் மின்சாரம் பிறக்கிறது. பேட்டரிக்கு சார்ஜ், விளக்கு, ஹாரன் எல்லாம் இதன் தயவில்தான். பழைய வண்டிகளில் 6 வோல்ட். பின்னால் வந்தவற்றில் 12 வோல்ட்.

இதே நம் கர்நாடகத்தில், மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளில் மின்சாரம் செய்யும் டைனமோ வலது பக்கத்தில் தனியாக இருக்கும். செயினும் கிளட்சும் இடது பக்கம். புல்லட்டில் அப்படியில்லை. மின்சாரம், செயின், கிளட்ச் மூன்றும் ஒரே மூடிக்குள் குடித்தனம் செய்கின்றன. எனவே இடது பக்கத்தில் சத்தம் கேட்டால் அது யாருடைய சத்தம் என்று கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம்தான்.

ரோட்டர் ஏன் லூசாகிறது?

ரோட்டரை ஷாப்டில் நிறுத்தி வைப்பவை இரண்டே பொருள்கள். ஒன்று "கீ" எனப்படும் சின்ன எஃகுக் கட்டை. ஷாப்டில் பாதியும் ரோட்டரில் பாதியுமாக அது உட்கார்ந்திருக்கும். அது உட்காரும் பள்ளத்துக்குக் "கீ-வே" என்று பெயர். மற்றொன்று நட்டு. நட்டு முழு இறுக்கத்தில் இருந்தால்தான் ரோட்டர் அசையாமல் நிற்கும். ஷாப்டோடு ரோட்டர் சுற்ற வேண்டும் என்பதற்குக் கீ காவல். ஆனால் பாரத்தைத் தாங்குவது நட்டின் இறுக்கம்தான். இந்த வேலைப் பங்கீட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

புல்லட்டில் ஒரே சிலிண்டர். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் பெட்ரோல் வெடிக்கிறது. வெடிக்கும்போது ஷாப்ட் ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் பாய்கிறது. மற்ற நேரம் வேகம் தளர்கிறது. ரோட்டரோ கனமான பொருள். அது ஒரே வேகத்தில் சுற்றவே பார்க்கும். ஷாப்ட் பாயும்போது இது பின்தங்கும். ஷாப்ட் தளரும்போது இது முந்தும். நட்டு இறுக்கமாக இருக்கும் வரை இந்த இழுபறி வெளியே தெரியாது. நட்டு கொஞ்சம் தளர்ந்துவிட்டால் இழுபறி முழுவதும் அந்தச் சின்னக் கீயின் தலையில் விழுகிறது.

எவ்வளவு அடி தெரியுமா? என்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெடிப்பது 1,200 தடவை. அதாவது வினாடிக்கு 20 அடி. ஒரு மணி நேரத்தில் 72,000 அடி! பெங்களூரில் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் திருப்பத்தூர் போக மூன்று மணி நேரம் ஆனால், சாலையில் கழிவது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அடிகள். சுத்தியலால் அடித்தது போல் கீ நசுங்குகிறது. கீ-வேயின் ஓரம் தேய்ந்து அகலமாகிறது. அகலமான பள்ளத்தில் ரோட்டர் இன்னும் அதிகமாக ஆடுகிறது. ஆட ஆட, சத்தம்!

இந்த இடத்தில்தான் செலவின் திருப்புமுனை இருக்கிறது. நட்டு மட்டும் தளர்ந்த நிலையில் பார்த்துவிட்டால் ஒரு பகல் வேலை. கீ நசுங்கிய பிறகு பார்த்தால் புதுக் கீ போட வேண்டும். கீ-வேயே சிதைந்த பிறகு பார்த்தால் ஷாப்டையே மாற்ற வேண்டும். அதற்கு என்ஜினை இறக்கி, கிராங்கைப் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது முதல் ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன பெரிய வேலை உண்மையாகவே வந்து சேரும்.

காதை ஏமாற்றும் சத்தம்

"பிக் எண்ட் போச்சு" என்று சொன்னவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று முடிவுகட்டிவிடக்கூடாது. ரோட்டர் ஆடும் சத்தம் பிக் எண்ட் சத்தம் போலவே இருக்கும். இரண்டும் ஒரே ஷாப்டில் பிறக்கின்றன. ரோட்டரில் பிறக்கும் சத்தம் ஷாப்ட் வழியாக என்ஜின் முழுவதும் பரவுகிறது. போதாதற்கு அந்தக் கால புல்லட்டில் பிக் எண்டுக்கு ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். எண்ணெய் குறைந்தால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். எனவே "டக் டக்" என்றதும் அதையே சந்தேகிக்கிறார்கள்.

ஆனாலும் வித்தியாசம் உண்டு. அனுபவஸ்தர்கள் பார்க்கும் அடையாளங்கள் இவை:

ரோட்டர் சத்தம் பெரும்பாலும் வண்டி ஐடிலில் நிற்கும்போது அதிகம் கேட்கும். வேகத்தைக் கூட்டினால் மறையும். பிக் எண்ட் சத்தம் மேடு ஏறும்போதும், பாரம் இழுக்கும்போதும் அதிகமாகும்.

நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால், ரோட்டர் சத்தம் இடது மூடியின் முன்பாகத்தில் பலமாக இருக்கும்.

ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் முள் காரணமின்றித் துடிக்கும். பேட்டரி சரியாக சார்ஜ் ஆகாது. இரவில் விளக்கு மங்கும்.

இடது மூடிக்குள் இருந்து எடுத்த எண்ணெய் கறுத்து, அதில் இரும்புத் தூள் மினுமினுக்கும். ரோட்டர் போய் ஸ்டேட்டரில் உரசுகிறது என்பதற்கு இது சாட்சி.

ஆனால் தளர்ந்த செயினும் மூடியில் அடித்து இதே போல் ஒலிக்கும். கிளட்ச் நடுவில் ஆட்டம் இருந்தாலும் சத்தம் வரும். எனவே காது சந்தேகப்படலாமே தவிர தீர்ப்புச் சொல்லக்கூடாது. தீர்ப்பு கையில் இருக்கிறது. மூடியைத் திறந்து, ரோட்டரைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"திறந்து பார்த்துடலாம் தம்பி"

நமது குமாஸ்தா இரண்டாவதாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலசூர்ப் பக்கம் மரத்தடியில் கடை. போர்டு கிடையாது.

"அண்ணே, பிக் எண்ட் போயிடுச்சாம். எவ்வளவு ஆகும்?"

பெரியவர் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறார். என்ஜினை நிறுத்துகிறார்.

"யார் சொன்னது? திறந்து பார்த்தாங்களா?"

"இல்லண்ணே, சத்தத்தை வச்சுச் சொன்னாங்க."

"திறந்து பார்த்துடலாம் தம்பி. பெரிய வேலையா இருந்தா அது எங்கேயும் ஓடிப்போகாது. சின்னதா இருந்தா உங்களுக்கு லாபம்."

பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மெக்கானிக்கிடம் எதிர்பார்க்க வேண்டிய வார்த்தை இதுதான். மூடியைத் திறக்க அரை மணி நேரம். என்ஜினை இறக்க நாள் கணக்கு. செலவு குறைந்த சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வதில் என்ன நஷ்டம்?

பிரிக்கும் முறை

வேலை தெரிந்தவர் செய்யும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று கவனித்தால் எது சரி, எது அவசர வேலை என்பது புரியும்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும். இடது பக்கத்துக் கால்மிதியையும், பழைய வண்டியில் அதே பக்கம் இருக்கும் பிரேக் பெடலையும் எடுத்துவிடுவார்கள். மூடிக்குக் கீழே ஒரு அகலமான தட்டு வைக்க வேண்டும். மூடியைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு பெரிய நட்டுதான். அதைக் கழற்றி மூடியை அசைத்து இழுத்தால் எண்ணெய் கொட்டும். வழிந்த எண்ணெயை உடனே வீசி எறியாமல் விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். நறநறவென்றிருந்தால் உள்ளே ஏதோ உரசுகிறது.

உடனே நட்டில் ஸ்பேனரைப் போடக்கூடாது. முதல் வேலை, எதையும் கழற்றாமல் ஆட்டிப் பார்ப்பது. வண்டியை டாப் கியரில் போட்டு ஒருவர் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் ரோட்டரை இரு பக்கமும் திருகிப் பார்க்க வேண்டும்.

அடுத்து ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். சுமார் 0.2 மில்லி மீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு பங்கு இடைவெளி சுற்றிலும் வேண்டும். பித்தளை பீலர் கேஜ் நல்லது. எஃகு கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தப்புக் கணக்குக் காட்டும். கேஜ் இல்லாதவர்கள் அதே கனமுள்ள பிளாஸ்டிக் துண்டை நுழைத்துப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் தாராளமாகவும் எதிர்ப்பக்கம் நுழையாமலும் இருந்தால் ஏதோ கோணல்.

பிறகு ஸ்டேட்டரைப் பிடித்திருக்கும் மூன்று நட்டுகளைக் கழற்றி, ஒயர் அறுபடாமல் பதமாக வெளியே எடுக்க வேண்டும். அதன் பிறகே ரோட்டரின் நட்டு. ஷாப்ட் சுற்றாமலிருக்க டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை அழுத்திப் பிடிப்பது வழக்கம். பெடல் கழற்றியிருந்தால் பிரேக் கம்பியை இழுத்துப் பிடிக்கலாம். ரோட்டரின் எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். ரோட்டரைச் சுத்தியலால் தட்டி எடுப்பது பெரிய பாவம்! அடி பட்டால் காந்தத்தின் பலம் குறையும். ஷாப்டின் மரையும் கெடும். எடுத்த ரோட்டரைத் தரையில் வைத்தால் சுற்றியுள்ள இரும்புத் தூள் அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும்.

ஆட்டம் எங்கே?

"ரோட்டர் லூஸ்" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் ஆட்டம் நான்கு இடங்களில் இருக்கக்கூடும்.

ஒன்று, நட்டு. வெறுமனே தளர்ந்திருக்கும். வாஷரின் மடிப்பு உடைந்திருக்கும், அல்லது முன்பு பிரித்தவர் பழைய வாஷரையே போட்டிருப்பார். இருப்பதிலேயே மலிவான கோளாறு இதுதான்.

இரண்டு, கீ. பக்கவாட்டில் நசுங்கி, படிக்கட்டு போலப் படி விழுந்திருக்கும். புதுக் கீ போட்டுப் பார்க்க வேண்டும். லேசாகத் தட்டினால்தான் உட்காரும் என்ற அளவுக்கு அது ஷாப்டின் பள்ளத்தில் இறுக வேண்டும். விரலால் அசைத்தால் ஆடக்கூடாது. பள்ளம் கொஞ்சம் அகன்றிருந்தால், கீழ்ப்பாதி தடிப்பாகவும் மேல்பாதி பழைய அளவிலுமாக லேத்தில் படிக் கீ செய்து போடுவதுண்டு. பள்ளத்தின் ஓரம் உடைந்தே போயிருந்தால் அதுவும் உதவாது.

மூன்று, ரோட்டரே. இதுதான் பலர் கவனிக்காத இடம். ரோட்டரின் நடுவில் ஓர் எஃகுக் குழல் இருக்கிறது. அதைச் சுற்றிக் காந்தங்களை வைத்து அலுமினியத்தால் வார்த்திருப்பார்கள். காலப்போக்கில் குழலுக்கும் வெளி உடம்புக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போவதுண்டு. நட்டு இறுக்கமாக இருக்கும், கீ நன்றாக இருக்கும், ஆனாலும் சத்தம் வரும்! நட்டை இறுக்கி இறுக்கிக் களைத்துப்போவார்கள். இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. இங்கிலாந்தின் டிரையம்ப், நார்ட்டன், பி.எஸ்.ஏ. வண்டிகளில் போட்ட லூக்காஸ் கம்பெனி ரோட்டர்களிலும் இதே வியாதி உண்டு. அங்கேயும் பிக் எண்ட் என்று நினைத்து என்ஜினைப் பிரித்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். குழலைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருகினால் துளி அசைவு தெரிந்தாலும் அந்த ரோட்டரை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

நான்கு, ஷாப்ட். ரோட்டரை எடுத்த பிறகு ஷாப்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் தேய்ந்துவிட்டது. அப்போது ரோட்டர் வெறும் அறிகுறிதான், நோய் உள்ளே. பெரிய வேலையைத் தவிர்க்க முடியாது. இதையும் மறைக்காமல் சொல்பவர்தான் நல்ல மெக்கானிக்.

தகரம் வைக்காதீர்கள்!

கடைத்தெருவில் சில குறுக்கு வழிகள் உண்டு. ஷாப்டுக்கும் ரோட்டருக்கும் நடுவே தகரத் துண்டை மடித்துச் சொருகுவார்கள். ஷாப்டின் மேல் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடாக்கி, அதில் ரோட்டரை அடித்து ஏற்றுவார்கள். சத்தம் அன்றைக்கு நின்றுவிடும். வண்டிக்காரரும் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஆனால் தகரம் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து நிற்பதால் ரோட்டர் மையத்தில் சுற்றாது. இருக்கும் இடைவெளியோ 0.2 மில்லி மீட்டர். கொஞ்சம் விலகினாலும் ஸ்டேட்டரில் உரசும். சுருள் அறுந்தால் சார்ஜ் போச்சு. இரவு நேரத்தில், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும்போது விளக்கு அணைந்தால் என்ன ஆகும்? பேட்டரியும் காயில் பற்றவைப்பும் உள்ள வண்டியில், பேட்டரி தீர்ந்தால் என்ஜினும் நின்றுவிடும். பின் சீட்டில் மனைவி, பெட்ரோல் டாங்கின் மேல் குழந்தை என்று போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாட்டும்போது கவனம்

ஷாப்ட், ரோட்டர், மரை மூன்றையும் பெட்ரோலால் துடைத்துக் காயவிட வேண்டும். கீ முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, ரோட்டரைக் கையால் தள்ளி ஏற்ற வேண்டும். புது வாஷர்தான் போட வேண்டும். மடிக்கும் வாஷரை ஒரு தடவைக்கு மேல் நம்பக்கூடாது. மரையில் லாக்டைட் பசை ஒரு சொட்டு விடுவது நல்லது. நட்டைக் கம்பெனிக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். ஸ்பேனரில் குழாய் மாட்டிப் பலம் காட்டினால் மரை உரிந்துவிடும்.

ஸ்டேட்டரை மாட்டிய பிறகு சுற்றிலும் இடைவெளியை மறுபடி பார்க்க வேண்டும். என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி நான்கைந்து நிலைகளில் பார்ப்பது உத்தமம். ஒயர் செயினில் படாமல் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

மூடி திறந்திருக்கும்போதே செயினையும் சரி பார்த்துவிடலாம். மேலும் கீழுமாகக் கால் அங்குலம், அதாவது 6 மில்லி மீட்டர் அசைவு போதும். செயின் எல்லா இடத்திலும் ஒரே தளர்ச்சியாக இருக்காது. சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் இந்த அளவு வைக்க வேண்டும்.

மூடியின் ரப்பர் வளையம் விறைத்துப்போயிருந்தால் மாற்ற வேண்டும். எண்ணெய் ஒழுகுகிறதே என்று நடு நட்டை மேலும் மேலும் முடுக்கினால் மூடி வளைந்து ஒழுக்கு அதிகமாகும். லெவல் திருகைக் கழற்றி வைத்து, மேல் துவாரத்தில் எண்ணெய் ஊற்ற வேண்டும். லெவல் துவாரத்தில் சொட்டத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்ளலாம். கூடுதலாக ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரைக் கூட்டும்போது அம்மீட்டர் முள் பிளஸ் பக்கம் நகர்ந்து நிதானமாக நின்றால் வேலை வெற்றி! சில நூறு கிலோ மீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை மூடியைத் திறந்து நட்டைச் சோதித்துவிட்டால் நிம்மதி.

சாமான் வாங்கப் போனால்

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. ஜே.சி. ரோடு பக்கம் போனால் மோட்டார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய சாமான் வேண்டுமானால் சிவாஜி நகர் இருக்கிறது. அங்கே கன்னடம், தமிழ், உருது மூன்றும் கலந்துதான் பேச்சு. "நட் லூஸ் ஆகிதெ" என்றால் எல்லோருக்கும் புரியும். நட்டு, போல்ட்டு, கீ, வாஷர் — இந்த வார்த்தைகளுக்கு மொழிச் சண்டையே கிடையாது!

பழைய கீயையும் வாஷரையும் கையோடு எடுத்துப் போங்கள். கண்ணால் பார்த்து "இதேதான் சார்" என்று சொல்வதை நம்பாமல் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். பழைய ரோட்டர் வாங்கினால், கடையிலேயே நடுக் குழலைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். உங்கள் வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

கீமேன் கற்றுத் தரும் பாடம்

ரயில் பயணம் செய்பவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருக்கலாம். காலை வேளையில் தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாக ஒரு மனிதர் தண்டவாளத்தோடு தனியாக நடந்து போவார். அவருக்கு ரயில்வேயில் "கீமேன்" என்று பெயர். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கீ எங்கே தளர்ந்திருக்கிறது, நட்டு எங்கே லூசாகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவதுதான் அவர் வேலை. தளர்ந்ததை அங்கேயே அடித்து இறுக்கிவிட்டு நடப்பார். அவர் இறுக்கும் ஒரு சின்னக் கீயின் மேல்தான் பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு காலத்தில் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பவர்களும் இருந்தார்கள். கணீர் என்றால் நல்ல சக்கரம். மந்தமாக ஒலித்தால் சந்தேகம். சந்தேகம் வந்ததும் ரயிலையே பிரித்துப் போடவில்லை. அந்தச் சக்கரத்தை மட்டும் குனிந்து பார்த்தார்கள்.

புல்லட்டுக்கும் அதே முறைதான். சத்தம் கேட்டதும் பயந்து என்ஜினைப் பிரிக்க வேண்டாம். "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று அலட்சியமாகவும் விட வேண்டாம். இரண்டுமே பணத்தைத் தின்னும். சத்தம் வந்த அன்றைக்கே இடது மூடியைத் திறந்து, ரோட்டரைக் கையால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நமது குமாஸ்தாவின் வண்டியில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? அவர் அன்றே போனவர் என்று வைத்துக்கொள்வோம். நட்டு தளர்ந்து, கீ லேசாக நசுங்கிய நிலை. ஷாப்ட் பிழைத்தது. ஒரு கீ, ஒரு வாஷர், கொஞ்சம் எண்ணெய், பெரியவரின் கூலி. மகளின் சீட்டுப் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தாய்மாமன் வளையல் பொட்டலத்தோடு ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டிருப்பார்.

அதே மனிதர் இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் போயிருந்தால்? ஷாப்டின் பள்ளம் உடைந்திருக்கும். முதல் ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன தொகையைக் கொடுத்தே தீர வேண்டியிருக்கும்.

உங்கள் வண்டியிலும் "டக்... டக்..." கேட்கிறதா? நாளை லீவு போட்டாவது மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்!